தமிழ்ல செமினார் எடுக்கப்போறேன், கடைசி பெஞ்சுக்கும் தெளிவா தெரியற மாதிரி ஸ்லைடு எப்படிப் போடறது?

ஜியாகிரபி படிக்கறேன், தமிழ்நாட்டு மழையளவு பத்தி செமினார், பவர்பாயின்ட்லதான் பண்ணணும்னு கேட்டிருக்கீங்க. ஆசிரியர் பயிற்சிகளுக்குத் தமிழ்ல ஸ்லைடு தயார் பண்றதுதான் என் வேலை, அதனால உங்க மழையையே வச்சு சொல்றேன். ஃபாண்ட், கலர் எல்லாம் அப்புறம், முதல்ல தலைப்பை சரி பண்ணுங்க.

"தமிழ்நாட்டின் மழையளவு விவரங்கள்"னு தலைப்பு வச்சு கீழ ஒரு பெரிய டேபிள் போட்டா, கேக்கறவங்க அத்தனை நம்பரையும் படிச்சு அவங்களாவே ஒரு முடிவுக்கு வரணும், அவங்க பாதி படிக்கறதுக்குள்ள நீங்க அடுத்த ஸ்லைடுக்குப் போயிடுவீங்க. அதுக்கு பதிலா "நம்ம வருஷ மழையில ஏறக்குறைய பாதி வடகிழக்குப் பருவமழைதான்"னு சொல்லவந்த விஷயத்தையே தலைப்பா போடுங்க. கீழ 12 மாசத்துக்கும் 12 பார், அதுல அக்டோபர், நவம்பர், டிசம்பர் மட்டும் அடர் நீலம், மத்த ஒன்பதும் வெளிர் சாம்பல். கட்டமா இருக்கற கோடு, த்ரீடி எஃபெக்ட், ஓரத்துல இருக்கற லெஜண்ட் எல்லாத்தையும் எடுத்துடுங்க. வாய் திறக்கறதுக்கு முன்னாடியே பார்க்கறவங்களுக்கு விஷயம் போய்ச் சேர்ந்துடும். டேபிள் வேணும்னா பிரின்ட் எடுத்து கையில குடுங்க.

தலைப்புக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் குடுக்கறேன்னா, கொலம்பியா விண்கலம் விஷயம் மனசுல இருக்கு. 2003 ஜனவரி 16ல கிளம்பினப்போ ஃபோம் துண்டு ஒண்ணு இடது இறக்கையில மோதிச்சு, அதைப் பத்தி போயிங் இன்ஜினியர்கள் நாசாவுக்கு ஸ்லைடு போட்டுக் காட்டினாங்க. அதுல ஒரு ஸ்லைடோட தலைப்பைப் பார்த்தா நிலைமை பரவாயில்லைங்கற மாதிரி இருக்கும், ஆனா புல்லட்டுக்குள்ள புல்லட்டா இறங்கி, கீழ சின்ன எழுத்துல, முன்னாடி சோதனையில பார்த்த துண்டு 3 கன அங்குலம், இங்க மோதின துண்டோட கணக்கு 1920 கன அங்குலம்னு இருந்துச்சு. 640 மடங்கு! அதுதான் தலைப்பா இருந்திருக்கணும். பிப்ரவரி 1ல திரும்பி வரும்போது விண்கலம் உடைஞ்சு ஏழு பேரும் இறந்துட்டாங்க. ஸ்லைடு மட்டுமே காரணம்னு நான் சொல்லல, ஆனா தகவலைப் படமா காட்டறதுல நிபுணரான எட்வர்ட் டஃப்டி அந்த ஸ்லைடை வரி வரியா அலசினாரு, விசாரணைக் குழு அறிக்கையிலயும் அது வந்துச்சு.

இப்ப தமிழுக்கு வருவோம், இங்கிலீஷ்ல எழுதின டிப்ஸ்ல இதெல்லாம் இருக்காது. தமிழ் எழுத்து அகலம், சொல்லும் நீளம், "பயன்படுத்தப்படுகின்றன"னு ஒரு சொல் போட்டாலே வரியில பெரிய பங்கை சாப்பிட்டுடும், அதனால "பயன்படுது"ன்னு எழுதுங்க, தப்பே இல்ல. எழுத்து அளவு 28 பாயின்ட்டுக்குக் கீழ போக வேண்டாம். இடம் பத்தலன்னா பவர்பாயின்ட் தானாவே எழுத்தை சுருக்கிடும், அந்த ஆட்டோஃபிட்டை ஆஃப் பண்ணிட்டு, மிச்சத்தை இன்னொரு ஸ்லைடுக்குக் கொண்டு போங்க. அண்டர்லைன் வேண்டவே வேண்டாம், ழு, நூ, து இதோட கீழ்ப்பகுதியெல்லாம் கோட்டுல வெட்டுப்பட்டு தூரத்துல இருந்து பார்த்தா எந்த எழுத்துன்னே தெரியாது. ரொம்ப தடிமனான போல்டும் அப்படித்தான், ண, ணை மாதிரி எழுத்துல இருக்கற சுழி அடைச்சுக்கும். வரிக்கு வரி இடைவெளி கொஞ்சம் கூட்டுங்க, இல்லன்னா மேல் வரியோட உகரமும் கீழ் வரி கீ, ரீ கொக்கியும் முட்டிக்கும்.

கலர் சிம்பிளா சொல்றேன், கிளாஸ்ல ஜன்னல் வெளிச்சம் இருக்கும், புரொஜக்டரும் பழசா இருக்கலாம், அதனால வெளிர் பின்னணியில கறுப்பு இல்லன்னா அடர் நீல எழுத்து. சிவப்பு பச்சை ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு வித்தியாசம் காட்டாதீங்க, நிறக்குறைபாடு இருக்கறவங்களுக்கு ரெண்டும் ஒண்ணா தெரியும், நீலமும் ஆரஞ்சும் பாதுகாப்பு.

கடைசியா ஃபாண்ட். பாமினி மாதிரி பழைய ஃபாண்ட்ல அடிச்சு வச்சிருந்தா காலேஜ் கம்ப்யூட்டர்ல இங்கிலீஷ் எழுத்தும் குறியுமா கொட்டும். யூனிகோடுல அடிங்க, நிர்மலா யூஐ இப்ப இருக்கற விண்டோஸ்ல கூடவே வருது, நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசம். வேற ஃபாண்ட்தான் பிடிச்சிருக்குன்னா ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் உள்ள போய் ஃபாண்டை ஃபைலோட சேர்க்கற டிக்கைப் போட்டுடுங்க. எதுக்கும் ஒரு பிடிஎஃப் காப்பியும் பென்டிரைவ்ல இருக்கட்டும், முந்தின நாளே அந்த ரூமுக்குப் போய் ஸ்லைடை ஓடவிட்டு கடைசி பெஞ்சுல உக்காந்து படிச்சுப் பாருங்க, படிக்க முடியாத வரியை அங்கயே தூக்கிடுங்க.