பையன் கோமாளி ஆகணும் என்கிறான், என்ன செய்ய?

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இன்ஜினியரிங் மூன்றாம் வருடப் பையன், ஞாயிறானால் பிறந்தநாள் விழாக்களுக்கு ஜோக்கர் வேஷம் கட்டிப் போகிறான், ஒரு பிள்ளையும் சிரிப்பதில்லை, ஆனாலும் விடமாட்டேன் என்கிறான் என்று புலம்பியிருக்கிறீர்கள். போகிறபோக்கில் இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்களே, மடக்கு நாற்காலியை விரிக்கத் தெரியாமல் அவன் அதனோடு மல்லுக்கட்டியபோது மட்டும் மண்டபமே சிரித்தது என்று, எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் பட்டது.

நாகேஷை எடுத்துக்கொள்ளுங்கள். ஒல்லி உடம்பு, முகத்தில் அம்மைத் தழும்பு, ரயில்வேயில் குமாஸ்தா வேலை. நாடகத்தில் கிடைத்தது வயிற்றுவலிக்காரன் வேஷம், சில நிமிடம்தான். வயிற்றுவலிக்காரனுக்கு என்ன பெரிய வசனம் இருந்துவிடப் போகிறது? உடம்பை முறுக்கியே சிரிக்க வைத்தார், தலைமை தாங்க வந்த எம்.ஜி.ஆர். மேடையிலேயே பாராட்டினார். 1964-இல் 'சர்வர் சுந்தரம்' படத்துக்கே நாயகன். முப்பது வருடம் கழித்து 'மகளிர் மட்டும்' படத்தில் பிணமாக வந்தார். உடம்பைத் துணிமூட்டை மாதிரி அடுத்தவர் கையில் விட்டுவிடுவது விழுவதைவிடக் கஷ்டம், சந்தேகமிருந்தால் வீட்டில் செய்து பாருங்கள்.

அதனால் சிவப்பு மூக்கையும் பலூனையும் கொஞ்ச நாள் பரண்மேல் போடச் சொல்லுங்கள். அந்த நாற்காலியை வைத்து ஐந்து நிமிடம் தயார் செய்து, முன்பின் தெரியாதவர்கள் முன்னால் பத்து இடத்தில் செய்யட்டும். பத்தாவது தடவையும் அதே இடத்தில் சிரிப்பு வந்தால் கைவசம் தொழில் இருக்கிறது. விழக் கற்றுக்கொள்ளாமல் விழுந்தால் முட்டி போய்விடும், ஜூடோ வகுப்பில் முதலில் சொல்லித் தருவதே விழுவதற்குத்தான், அங்கே சேர்த்துவிடுங்கள்.

டிகிரியை முடித்தே ஆகணும். டெல்லி தேசிய நாடகப் பள்ளியின் மூன்று வருடப் படிப்புக்கு டிகிரியோடு நாடக அனுபவமும் கேட்பார்கள். புதுச்சேரி பல்கலைக்கழகத்தில் நாடகத்துக்கு மாஸ்டர் ஆஃப் பெர்ஃபார்மிங் ஆர்ட்ஸ் இருக்கிறது, தமிழில் சுருக்கினால் எம்.பி.ஏ., சொந்தக்காரர்கள் கேட்டால் அப்படியே சொல்லலாம், பொய்யில்லை!

பணம்? ஆரம்பத்தில் இதை நம்பி வாடகை கொடுக்க முடியாது. நாகேஷும் ரயில்வே சம்பளத்தில் இருந்துகொண்டுதான் நாடகம் போட்டார், இவனும் ஒரு வேலையில் இருக்கட்டும்.

அப்புறம், அடுத்த விழாவுக்கு நீங்களும் போய்க் கடைசி வரிசையில் உட்காருங்கள். எந்த இடத்தில் சிரிக்கிறார்கள் என்று குறித்து எனக்கு அனுப்புங்கள்.