ட்ரோல் படத்துக்கு யாருக்குப் பணம் கட்டுவது?

கேள்வி: ஸ்காண்டிநேவியப் பூதக் கதைகளைத் தமிழில் குழந்தைகள் புத்தகமாகக் கொண்டுவரப் போகிறோம். சுவீடன் ஓவியர் ஜான் பாவரின் ட்ரோல் (அந்நாட்டுக் காட்டுப் பூதம்) படங்களைச் சேர்க்க ஆசை. படத்துக்கு 6,000 ரூபாய் கட்டினால் ‘உலக உரிமச் சான்றிதழ்’ தருவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். கட்டலாமா?
- வாசகி, கோவை

பதில்: கட்டாதீர்கள். பாவர் 1918 நவம்பரில் வெட்டர்ன் ஏரியில் கப்பல் மூழ்கி, மனைவி, சின்ன மகனோடு இறந்துபோனார். ஓவியர் இறந்து 60 ஆண்டு வரைதான் நம் நாட்டில் பதிப்புரிமை. ஐரோப்பாவில் 70. இரண்டு கணக்கும் எப்போதோ தீர்ந்துவிட்டன. மரத்தையே தலையில் சுமந்து நடக்கிற ட்ரோல்களை வரைந்த நார்வேக்காரர் தியோடர் கிட்டல்சன் 1914இல் இறந்தவர். அவர் படங்களும் இலவசம்தான்.

இந்த ஏஜென்ட்களின் பேச்சு எனக்கு மனப்பாடம். “ஓவியம் பழசுதான் மேடம், ஸ்கேன் எங்களுடையது” என்பார்கள். தட்டையான பழைய ஓவியத்தை அப்படியே நகலெடுப்பதால் புது உரிமை பிறக்காது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2019இலேயே விதி செய்துவிட்டது. நல்ல பிரதிகள் விக்கிமீடியா காமன்ஸ் என்ற இணையப் படக் களஞ்சியத்தில் கிடைக்கின்றன. ஊர்ப் பொதுக் கிணற்றுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை வாடகைக்கு விடுகிற வேலை இது. யார் எந்த ஆண்டு இறந்தார், எது இலவசம் என்று ஒரு பட்டியல் போட நம் அரசு அலுவலகம் எதற்கும் தோன்றவில்லை. அதனால்தான் இந்தக் கடைகள் ஓடுகின்றன.

ஆனால் ஏஜென்ட்கள் ‘பாவர்’ என்று தருவதெல்லாம் பாவர் இல்லை. ‘பிளாண்ட் தொம்தார் ஓக் ட்ரோல்’ என்ற சுவீடன் ஆண்டு மலர் 1907இல் தொடங்கியது. பாவர் கடைசியாக வரைந்தது 1915 மலருக்கு. பின்னால் வந்த குஸ்டாஃப் டெங்கிரென் அதே சாயலில் வரைந்தார். அவர் இறந்தது 1970இல், ஆகவே இந்தியாவில் 2030 முடியும்வரை உரிமை உண்டு. படத்தின் மூலையைப் பெரிதாக்கிக் கையெழுத்தைப் பாருங்கள். கையெழுத்து வெட்டப்பட்டிருந்தால் அந்தப் படம் வேண்டாம். சிவப்புக் குல்லா போட்ட தொம்தே என்ற குட்டிப் பூதத்தின் படங்களிலும் இதே குழப்பம். அவற்றை வரைந்த ஜென்னி நிஸ்ட்ரோம் 1946இல் இறந்தவர், பிரச்சினை இல்லை. தாயைப் போலவே வரைந்த மகன் கர்ட் 1965 வரை இருந்தார். மின்னூலாக ஐரோப்பாவில் விற்பதானால் மகன் படத்தைத் தொடாதீர்கள்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று. படம் இலவசம் என்றால் கதையும் இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள். பாவர் 1913இல் வரைந்த தூவ்ஸ்டார் படம் உங்கள் பட்டியலில் நிச்சயம் இருக்கும். இருண்ட காட்டில், கறுத்த குட்டையின் கரையில், நீண்ட பொன்முடியோடு ஒரு சிறுமி குனிந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பாளே, அதுதான். எல்க் மானின் முதுகேறிப் போன இளவரசி அவள். கிரீடத்தையும் உடையையும் இழந்து, கடைசியில் தங்க இதயப் பதக்கத்தையும் நீரில் தவறவிட்டவள். வாய்வழி வந்த நாட்டுப்புறக் கதை போலத்தான் தோன்றும். இல்லை. ஹெல்கே ஷெலின் என்பவர் அந்த மலருக்காகவே எழுதிய கதை அது. ஷெலின் 1984 வரை வாழ்ந்தார். ஆகவே கதைக்கு இந்தியாவில் 2044 வரை, சுவீடனில் 2054 வரை உரிமை இருக்கிறது. “நாங்கள் மொழிபெயர்க்கவில்லை, சொந்த நடையில்தானே சொல்கிறோம்” என்றாலும் தப்ப முடியாது. சம்பவங்களை அதே வரிசையில் சொன்னால் அது தழுவல், அனுமதி வேண்டும். படத்தை மட்டும் எடுத்து, நீங்களே வேறொரு கதை எழுதிக்கொள்ளலாம். தூவ்ஸ்டார் கதையேதான் வேண்டும் என்றால் சுவீடன் எழுத்தாளர் சங்கத்துக்கு எழுதி வாரிசுகளை விசாரியுங்கள். மொழிபெயர்ப்பு உரிமம் கேட்க நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 32வது பிரிவு இருக்கிறது. ஆனால் அதற்கான மேல்முறையீட்டு வாரியத்தை 2021இல் கலைத்துவிட்டு, நீதிமன்றப் படி ஏறச் சொல்லிவிட்டார்கள். குழந்தைகள் புத்தகத்துக்காக யார் கோர்ட்டுக்கு அலைவார்கள்?

அஸ்பியோர்ன்சன், மூ என்ற இருவர் 1840களில் தொகுத்த நார்வே நாட்டுப்புறக் கதைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆங்கிலம் வழி மொழிபெயர்ப்பதானால் 1859இல் வந்த டேசன்ட் மொழிபெயர்ப்பை எடுங்கள். புதிய ஆங்கிலப் பதிப்புகள் வேண்டாம்.

வக்கீல் நோட்டீஸ் விடுவேன் என்று ஏஜென்ட் மிரட்டினால், உரிமை யாரிடமிருந்து எந்த ஆண்டு வந்தது என்பதை எழுத்தில் கேளுங்கள். ஆதாரமில்லாமல் மிரட்டுபவர்மேல் நீங்களே வழக்குப் போட அதே சட்டத்தின் 60வது பிரிவு இடம் தருகிறது. அதைக் குறிப்பிட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்.