வீட்டில் சொல்கிறான், தேர்வறையில் வெறும் தாள்

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. டிஸ்லெக்சியா (எழுத்துகளைப் படிப்பதிலும் எழுதுவதிலும் வரும் கற்றல் சிரமம்) இருப்பது உறுதியாகிவிட்டது. பாடத்தைக் கேட்டால் வாய்வழியாக நன்றாகச் சொல்கிறான். தேர்வுக்கு எழுதித் தர ஆளும், மூன்று மணி நேரத்தோடு ஒரு மணி நேரம் கூடுதலும் கிடைத்திருக்கின்றன. ஆனாலும் பாதி விடைத்தாள் காலியாகவே இருக்கிறது. தேர்வு நாள் காலையில் வயிறு வலிக்கிறது என்கிறான். டியூஷனை அதிகப்படுத்தலாமா?

பதில்: வேண்டாம். பாடம் தெரிந்த பிள்ளைக்கு மேலும் பாடம் திணித்தால் களைப்புதான் மிஞ்சும். அவனுக்குக் குறைவாக இருப்பது தேர்வு எழுதும் பழக்கம்.

ஒரு வாக்கியத்தைப் படித்துப் பொருள் புரியும்வரை அதை மனதில் பிடித்து வைக்கும் இடத்தைச் செயல் நினைவு என்கிறோம். அதன் கொள்ளளவு எல்லோருக்குமே சிறியது. டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு எழுத்துகளைக் கூட்டிப் படிப்பதிலேயே அதில் பெரும்பகுதி தீர்ந்துவிடுகிறது. பதற்றமும் அதே இடத்தைப் பிடிக்கிறது. இரண்டும் சேரும்போது, நேற்று இரவு சொன்ன விடை இன்று காலை வாயில் வராது. சோம்பலோ அலட்சியமோ இதற்குக் காரணமில்லை.

எழுதித் தருபவரிடமிருந்து தொடங்குங்கள். சொல்லி எழுதவைப்பது தனித் திறமை. யாருக்கும் முதல் நாளே வராது. பயிற்சியில் நீங்கள் அந்த இடத்தில் உட்காராதீர்கள். அவன் பாதி சொல்வதற்குள் மீதியை நீங்கள் புரிந்துகொண்டு எழுதிவிடுவீர்கள். தேர்வறையில் வருபவர் சொன்னதை மட்டுமே எழுதுவார். பழக்கமில்லாத ஒரு பெரியவரோ மூத்த மாணவரோ உட்காரட்டும். மகன் பழக வேண்டியவை: விடையை இரண்டு மூன்று சொற்குறிப்புகளாக முதலில் யோசிப்பது, சிறு வாக்கியங்களாக நிறுத்திச் சொல்வது, "அடுத்த பத்தி" என்று சொல்வது, கலைச்சொல்லை எழுத்தெழுத்தாகச் சொல்வது, "எழுதியதைப் படித்துக் காட்டுங்கள்" என்று கேட்பது. கடைசியாகச் சொன்னதைக் கேட்கப் பெரும்பாலான பிள்ளைகள் கூச்சப்படுவார்கள். படம், வரைபடம், கணக்குப் படிகளை யார் போடுவது, தேர்வறையில் எதற்கெல்லாம் அனுமதி உண்டு என்பதைப் பள்ளியிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

முதலில் நன்கு தெரிந்த பாடத்தில் ஒரே கேள்வி, பத்து நிமிடம். அது சலிப்பாக மாறியதும் மூன்று கேள்விகள், பிறகு அரைத்தாள், கடைசியாகத் தேர்வு நடக்கும் அதே நேரத்தில் முழுத்தாள். பதற்றம் கூடினால் ஒரு படி கீழே இறங்குங்கள், நிறுத்திவிட வேண்டாம்.

கூடுதல் நேரத்தைத் திட்டமில்லாமல் விட்டால், நான்கு மணி நேரம் களைத்து உட்கார்ந்திருப்பதுதான் நடக்கும். 60 நிமிடத்தைப் பிரித்துவிடுங்கள்: வினாத்தாளை இருமுறை படிக்க 15, கடைசியில் சரிபார்க்க 15, நடுவில் கண்ணை மூடி ஓய்வெடுக்க இரண்டு மூன்று நிமிடங்களாக மொத்தம் 10, மீதி 20 நீண்ட விடைகளுக்கு. மற்ற கேள்விகளை ஒரு தாளால் மறைத்துக்கொண்டு படித்தால் வரி தாவுவது குறையும். "ஒப்பிடுக", "காரணம் கூறுக", "தவறானது எது" போன்ற சொற்களை வட்டமிடச் சொல்லுங்கள். மதிப்பெண் ஓசையில்லாமல் போவது பெரும்பாலும் இங்கேதான்.

திருப்புதலுக்குப் பாடத்தை மறுபடி மறுபடி படிக்கவைக்காதீர்கள். மீண்டும் படித்தவர்களைவிட, படித்ததை நினைவிலிருந்து எடுத்துச் சொன்னவர்கள் ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள் என்று 2006-ல் ரோடிகர், கார்ப்பிக் என்ற அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். படிப்பதே பாரமாக உள்ள பிள்ளைக்கு இது இரட்டை லாபம். பாடத்தை ஒலிப்பதிவாகக் கேட்கட்டும். மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து என்று புத்தகத்தை மூடிவைத்துக் கேள்வி கேளுங்கள்.

வயிற்று வலியை நடிப்பு என்று தள்ளாதீர்கள். பதற்றத்தால் உண்மையிலேயே வலிக்கும். ஒருமுறை குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். வேறு காரணம் இல்லை என்றானபின், வலிக்காக வீட்டிலேயே இருத்திவிட்டால் அடுத்த தேர்வில் பயம் கூடவே செய்யும். நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து ஆறு எண்ணும்வரை விடுவதைத் தினமும் மூன்று நிமிடம் பழக்குங்கள். தேர்வறையில் முதன்முறை முயன்றால் பலன் தராது. தூக்கமோ சாப்பாடோ இரண்டு வாரத்துக்கு மேல் குறைந்தால் உளவியலாளரைப் பாருங்கள். சாவதைப் பற்றியோ தன்னைக் காயப்படுத்திக்கொள்வது பற்றியோ பேசினால் அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள், தனியாக விடாதீர்கள்.

தேர்வு முடிந்த மாலையில் விடை விசாரணை வேண்டாம். விடைத்தாள் கைக்கு வந்தபின், மதிப்பெண் போன ஒவ்வோர் இடத்திலும் அவனோடு சேர்ந்து ஒரு குறி போடுங்கள்: தெரியாது, கேள்வியைத் தவறாகப் படித்தான், நேரம் போதவில்லை. முதல் குறி அதிகம் இருந்தால் மட்டும் டியூஷனைப் பற்றி யோசிக்கலாம்.