வீடும் முற்றமும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: தெகிவளையில் 8 பேர்ச் காணியில் எங்கள் வீடு அமைந்துள்ளது. சமையலறைக் கதவுக்குப் பின்னால் 15 அடிக்கு 12 அடி வெற்று நிலமும், அதன் ஓரத்தில் ஒரு பெரிய ஜம்பு மரமும் உள்ளன. வீட்டுத் தளத்தைவிட அந்நிலம் ஒன்றரை அடி தாழ்வானது. அங்கே 'டெக்' எனப்படும் மரத்தளம் அமைக்க மகன் விரும்புகிறார். 'பேட்டியோ' எனப்படும் கல் பதித்த முற்றமே போதும் என்கிறார் கணவர். 75 வயதான என் மாமியார் மாலை வேளைகளில் அங்கு அமர வேண்டும். எது பொருத்தமானது?
– வாசகி, தெகிவளை

பதில்: உங்கள் காணிக்குக் கல் முற்றமே பொருத்தம் என்பது என் உறுதியான கருத்து. மாமியார் படியிறங்காமலே வெளியில் வந்து அமரலாம் என்று எண்ணி மகன் மரத்தளத்தை விரும்பியிருந்தால், அந்த அக்கறை மதிக்கத்தக்கது. அதற்கு வேறு வழி உண்டு, பின்னர் சொல்கிறேன்.

முதலில் மழையைப் பாருங்கள். கொழும்பில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,400 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. ஒரே மாலையில் 50 மில்லிமீற்றர் கொட்டினால், நீங்கள் குறிப்பிடும் அந்தச் சிறிய இடத்தில் மட்டும் 800 லீற்றருக்கும் மேற்பட்ட நீர் விழும். ஒன்றரை அடி உயர மரத்தளத்தின் அடியில் அந்த நீர் இறங்கினால் அங்கே வெயிலும் புகாது, காற்றும் போதிய அளவு ஓடாது. பலகைகளுக்கு இடையே விடப்படும் 5 மில்லிமீற்றர் இடைவெளியில் ஜம்பு இலைகளும் நசுங்கிய பழங்களும் அடைபட்டு, பலகையின் விளிம்பு நாள்தோறும் ஈரமாகவே இருக்கும். கறையானுக்கு இதைவிட நல்ல இடம் அமையாது. கடற்காற்றின் உப்பில் சாதாரண ஆணிகள் விரைவில் துருப்பிடிக்கும் என்பதால், 316 தரத்துத் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளையே பயன்படுத்த வேண்டியிருக்கும்; தேக்குப் பலகையாயினும் தோற்றம் கெடாதிருக்க ஆண்டுதோறும் எண்ணெய் பூச வேண்டும்.

இவற்றையெல்லாம் பணத்தால் சமாளித்துவிடலாம். எனக்குப் பெரிய கவலை நுளம்பு. சில ஆண்டுகளுக்கு முன் வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் தாழ்வான மரத்தளத்தைப் பிரித்தபோது நான் அருகில் நின்றேன். அடியில் உருண்டு போயிருந்த ஒரு தயிர்ச்சட்டியில் தேங்கிய நீரில் குடம்பிகள் நெளிந்தன. அந்த வீட்டுப் பிள்ளை அவ்வாண்டு டெங்குக் காய்ச்சலால் படுக்கையில் கிடந்தது. முட்டை நுளம்பாக வளர ஏழு முதல் பத்து நாட்கள் போதும். ஆனால் திருகாணியால் இறுக்கிய தளத்தை வாரந்தோறும் கழற்றிப் பார்ப்பவர் யாருமில்லை. 2017இல் இலங்கையில் 186,000இற்கும் மேற்பட்டோர் டெங்கினால் பாதிக்கப்பட்டதைக் கண்ட பின்னர், எட்டிப் பார்க்க முடியாத ஓர் இடத்தை வீட்டோடு சேர்த்துக் கட்டுமாறு என்னால் எவருக்கும் சொல்ல முடியவில்லை.

இனிக் கல் முற்றம். முழுவதையும் கொங்கிறீற்றால் மூடிவிடாதீர்கள். நீர் மண்ணுக்குள் இறங்காமல் அயலவர் மதிலை நோக்கி ஓடும், ஜம்பு மரமும் வாடும். மண்ணை அகழ்ந்து, சுமார் 10 சென்ரிமீற்றர் தடிப்புக்குச் சல்லிக்கல் பரப்பி நன்றாக இறுக்கி, அதன்மேல் மணற்படுக்கை இட்டு, 60 மில்லிமீற்றர் தடிப்புள்ள இன்டர்லொக் கற்களைப் பதிக்கச் சொல்லுங்கள். வாகனம் ஏறாத இடத்துக்கு அத்தடிப்பு போதுமானது. சுவரிலிருந்து விலகும் திசையில் மீற்றருக்கு ஒன்றரை முதல் இரண்டு சென்ரிமீற்றர் சரிவு இருக்க வேண்டும்; அதாவது 12 அடி நீளத்தில் ஏறக்குறைய 6 சென்ரிமீற்றர். மேசன் வேலையை முடித்துப் புறப்படுவதற்கு முன்னர் ஒரு வாளி நீரை ஊற்றி, அது எங்கே தேங்குகிறது என்று நீங்களே நின்று பாருங்கள். மரத்தைச் சுற்றி அகலமாக மண் வட்டம் விட்டுவிடுங்கள். நிழலான இடத்தில் பாசி படிவது உறுதி என்பதால், பளபளக்கும் தரை ஓடுகளை எக்காரணம் கொண்டும் பதிக்க வேண்டாம். சொரசொரப்பான கல்லை மாதம் ஒருமுறை தும்புத் தூரிகையால் தேய்த்தால் போதும்.

மாமியாருக்காகக் கதவையொட்டி நான்கு அல்லது ஐந்து அடி அகலத்தில், வாசலின் மட்டத்துக்கே ஒரு திண்ணை கட்டி, அதன்மேல் தாழ்வாரம் இறக்குங்கள். யாழ்ப்பாணத்து நாற்சார் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதன்று. மழை முற்றத்தில் பெய்யும், முதியவர் நனையாமல் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். திண்ணையின் ஈரம் வீட்டுச் சுவரில் ஏறாதவாறு இரண்டுக்கும் இடையே ஈரத்தடுப்புப் படை இட வேண்டும். இதை மேசன்மார் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். திண்ணையிலிருந்து முற்றத்துக்கு இறங்கும் ஒன்றரை அடியை 6 அங்குலப் படிகளாகப் பிரித்து, ஒரு பக்கம் கைபிடியும் பொருத்துங்கள். தாழ்வாரம் கூரையுள்ள கட்டுமானம் என்பதால், பின்புறத்தில் விட வேண்டிய வெளியைப் பற்றி மாநகர சபையில் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது அவசியம்.

கேள்வி: பத்தரமுல்லையில் எங்கள் வீட்டின் பின்நிலம் 5 அடிக்கு மேல் சரிந்து இறங்குகிறது. மண் நிரப்பி முற்றம் அமைக்கலாமா?
– வாசகர், பத்தரமுல்லை

பதில்: வேண்டாம். உங்கள் நிலத்துக்கு மரத்தளமே சிறந்தது. அவ்வளவு மண்ணைத் தாங்கும் அணைச்சுவருக்கு ஆகும் செலவு மரத்தளத்தின் செலவை எளிதில் விஞ்சக்கூடும். மேலும் மழைநீர் இயல்பாக இறங்கும் வழியை நீங்கள் அடைத்துவிடுவீர்கள். உங்கள் தளத்தின் கீழே ஒருவர் குனிந்து சென்று கூட்டித் துப்புரவாக்க முடியும் என்பதால், மேலே சொன்ன நுளம்புக் கவலை இங்கே பெரிதும் குறைகிறது. தூண்களை மண்ணில் நேரே புதைக்காமல், நிலமட்டத்துக்கு மேலே எழும் கொங்கிறீற்று அடித்தளத்தில் உலோகத் தாங்கி பொருத்தி, அதன்மேல் நிறுத்துமாறு ஓடாவியிடம் கூறுங்கள். கீழ்ப்பகுதியைப் பலகையாலோ தகரத்தாலோ மூடிக் களஞ்சியமாக்கிவிடாதீர்கள்.