கோலாலம்பூரில் பிறப்பைவிட இறப்பு அதிகமா? அந்தக் காலக் கணக்கை நம்பலாமா?

கேள்வி இதுதான்: 1900களின் தொடக்கத்தில் கோலாலம்பூரில் பிறந்தவர்களைவிட இறந்தவர்கள் அதிகம் என்கிறார்களே, அப்படியானால் ஊர் எப்படி வளர்ந்தது? அந்தப் புள்ளிவிவரங்களை நம்பலாமா?

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் புள்ளிவிவரத் துறை ஆள் இல்லை. கோலாலம்பூர் செந்தூலில் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். பூட்டனைப் பற்றித் தேடப் போய்ப் பழைய ஆண்டறிக்கைகளில் மாட்டிக்கொண்டவன்.

ஊர் வளர்ந்தது கப்பலால். 1901 கணக்கெடுப்பில் கோலாலம்பூரில் சுமார் 32 ஆயிரம் பேர். 1911இல் கிட்டத்தட்ட 47 ஆயிரம், 1921இல் 80 ஆயிரம், 1931இல் 1 லட்சத்து 11 ஆயிரம். ஈயத்துக்கும் ரப்பருக்கும் ரயில்வேக்கும் வந்து இறங்கிய ஆண்கள்தான் இதில் பெரும்பகுதி. 1921இல்கூட மலாயா இந்தியர்களில் ஆயிரம் ஆணுக்கு ஐந்நூறு பெண்கள் இல்லை. பெண்கள் இவ்வளவு குறைவாக இருக்கும் ஊரில் ஆயிரம் பேருக்கு இத்தனை பிறப்பு என்று வகுத்தால் அந்த எண் சின்னதாகத்தான் வரும். இதில் அதிசயம் எதுவும் இல்லை.

இறப்பு விகிதத்தில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். சாதாரண ஊரில் சாவில் பெரும்பங்கு குழந்தைகளுக்கும் கிழவர்களுக்கும் போகும். கோலாலம்பூரில் இரண்டு கூட்டமும் குறைவு. இருந்தவர்கள் பெரும்பாலும் இருபது, முப்பது வயது ஆண்கள். அப்படிப்பட்ட ஊரில் இறப்பு விகிதம் மிகக் குறைவாக இருந்திருக்க வேண்டும். அங்கேயே அது பிறப்பைத் தாண்டுகிறது என்றால், நிலைமை அந்த எண் காட்டுவதைவிட மோசம். ஆக, "பெண்கள் இல்லாததால்தான் கணக்கு அப்படித் தெரிகிறது, மற்றபடி ஊர் நன்றாகத்தான் இருந்தது" என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

இந்தச் சாவுக் கணக்கை மேலும் கீழும் இழுக்கும் காரணங்களும் உண்டு. பெரிய ஆஸ்பத்திரிகள் ஊருக்குள் இருந்தன. சுற்றியுள்ள சுரங்கத்திலும் தோட்டத்திலும் படுத்தவனைக் கொண்டுவந்து சேர்ப்பார்கள். அவன் இங்கே செத்தால் சாவு நகரக் கணக்கில் ஏறும், ஆனால் நகர மக்கள்தொகையில் அவன் இல்லை. ஊர் திரும்பிய நோயாளிகளோ மலாயாவின் சாவுக் கணக்கிலேயே வரமாட்டார்கள். என் பூட்டனின் அண்ணன் அப்படித்தான்: உடம்பு சரியில்லை என்று நாகப்பட்டினத்துக்குக் கப்பலேறினார், கடலிலேயே போய்விட்டார் என்று பாட்டி சொல்வார்.

அப்புறம், கணக்கெடுப்பு பத்தாண்டுக்கு ஒருமுறைதான். நடுவில் வரும் ஆண்டுகளின் மக்கள்தொகை வெறும் மதிப்பீடு. ஈய விலை விழுந்தால் ஆட்கள் கிளம்பிவிடுவார்கள். மதிப்பீட்டில் அவர்கள் குடியிருந்துகொண்டே இருப்பார்கள். இதனால்தான் விகிதத்தைப் பார்த்தால் மேலே இருக்கும் சாவு எண்ணிக்கையைவிடக் கீழே இருக்கும் தலைக்கணக்கைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

இறப்புக் காரணம் எழுதும் பத்தியை இன்னும் எச்சரிக்கையாகப் படிக்க வேண்டும். பூட்டனின் தம்பியுடைய இறப்புப் பதிவில் காரணம் ஒரே சொல், காய்ச்சல். மலேரியாவும் காய்ச்சல், டைபாய்டும் காய்ச்சல், 1918 அக்டோபரில் இன்ஃபுளுயன்சா வந்தபோது அதுவும் பல இடங்களில் காய்ச்சலாகத்தான் பதிவாகியிருக்கும். டாக்டர் பார்க்காத சாவுக்கு வீட்டார் வாயால் சொன்னதுதானே காரணம்?

ஆனால் இதே ஓட்டைக் கணக்குதான் ஒரு பெரிய விடையையும் கொடுத்தது. இந்தக் கதைக்காகத்தான் பதிலே எழுத உட்கார்ந்தேன். கால் வீங்கி, நரம்பும் இதயமும் பழுதாகும் பெரிபெரி நோயில் சீனத் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். தமிழர்களுக்கு அது அரிதாகத்தான் வந்தது. இன வாரியாகக் கணக்கு வைத்திருந்ததால் இது கண்ணில் பட்டது. 1900இல் கோலாலம்பூரில் தொடங்கிய மருத்துவ ஆய்வுக் கழகத்தின் முதல் இயக்குநர் ஹாமில்டன் ரைட், அது கிருமியால் வருவது என்று நம்பினார். பக்கத்து மாநிலமான நெகிரி செம்பிலானில் இருந்த டாக்டர் பிராடன் சட்டியைப் பார்த்தார். சீனர்கள் தின்றது சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) வந்த தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. நம் ஆட்கள் தின்றது புழுங்கலரிசி. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுதாகப் போவதில்லை. அந்தச் சத்து பி1 வைட்டமின், அது குறைந்தால்தான் பெரிபெரி என்ற பேச்செல்லாம் வெகு காலம் கழித்துத்தான் வந்தது.

1905 டிசம்பரில் டாக்டர் வில்லியம் ஃபிளெட்சர் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் இதைச் சோதித்தார். நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண் சொல்லவைத்து, ஒற்றைப்படை ஒரு வார்டு, இரட்டைப்படை எதிர் வார்டு. ஒரு பக்கம் சயாம் அரிசி, மறுபக்கம் புழுங்கல். வார்டுதான் காரணமோ என்ற சந்தேகம் தீர, நடுவில் இரு கூட்டத்தையும் இடம் மாற்றினார். சோறு மட்டும் மாறவில்லை. சயாம் அரிசி தின்ற 120 பேரில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். புழுங்கல் தின்ற 123 பேரில் ஒருவர்கூட இல்லை. அந்த மனிதர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது. பிறகு அதே ஆய்வுக் கழகத்தின் ஃபிரேசரும் ஸ்டாண்டனும் ஜாவாத் தொழிலாளர்களிடம் சோதித்து 1909இல் அரிசியே காரணம் என்று நிலைநாட்டினார்கள். இனவாரிப் பத்தி என்று எல்லோரும் படித்தது, உண்மையில் அரிசிவாரிப் பத்தி.

இனப் பெயரைக்கூட அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். 1891, 1901 கணக்கெடுப்புகளில் "தமிழரும் பிற இந்தியரும்" என்ற ஒரே தலைப்பில்தான் தெலுங்கர், மலையாளிகள் எல்லோரும் அடக்கம்.

நான் எந்தக் கணக்கை நம்புவேன் என்று கேட்டால், கோலாலம்பூருக்கு மேற்கே உள்ள கிள்ளானைக் காட்டுவேன். 1901இல் கிள்ளானிலும் புதுத் துறைமுகமான போர்ட் சுவெட்டன்ஹாமிலும் 582 சாவு. மலேரியா கொசுவை ஒழிக்க, அங்கிருந்த அரசு டாக்டர் மால்கம் வாட்சன் சொல்லிச் சதுப்பு நிலத்தில் வடிகால் வெட்டினார்கள். 1902இல் அது 144. வடிகால் வெட்டாத சுற்றுவட்டாரத்தில் அப்படி இறங்கவில்லை. விகிதமே இல்லை, வெறும் தலை எண்ணிக்கை; பக்கத்தில் ஒப்பிட ஒரு வட்டாரம். நீங்கள் அறிக்கைகளைப் புரட்டினால், சென்னையின் இறப்பு விகிதத்தோடு கோலாலம்பூரை ஒப்பிடுவதை விட்டுவிட்டு, ஒரே இடத்தின் எண்ணிக்கையை ஆண்டு வாரியாக வைத்துப் பாருங்கள்.