காலில் சுருட்டிக்கொண்டிருப்பது நரம்பே இல்லை

"கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் 14 வருடமாகச் சேலைப் பிரிவில் நிற்கிறேன். வயது 41. சாயங்காலம் ஆனால் கால் கனக்கிறது. இடது கெண்டைக்காலில் நரம்பு பச்சையாகப் புடைத்துச் சுருட்டிக்கொண்டிருக்கிறது. நரம்புத் தளர்ச்சி என்று மாமியார் தைலம் தேய்க்கச் சொல்கிறார். இதய அடைப்புக்கு அறிகுறியா? நடையைக் குறைக்கட்டுமா?" ஆடுதுறையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

பயப்படாதீர்கள் அம்மா. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இது வெரிகோஸ் வெயின். இதய அடைப்பின் அறிகுறி இல்லை. நடையைக் குறைக்கவே குறைக்காதீர்கள், கூட்டுங்கள்.

புடைத்திருப்பது நரம்பும் இல்லை, ரத்தக்குழாய். நம் பக்கம் இரண்டையும் ஒரே பேரில் சொல்லிப் பழகிவிட்டோம். ரத்தக்குழாயில் போடுகிற ஊசிக்கே 'நரம்பு ஊசி' என்றுதான் பெயர். உண்மையான நரம்பில் ரத்தம் ஓடாது. இந்தக் குழப்பத்தில் வருடக்கணக்காக நரம்புச் சத்து மாத்திரை சாப்பிட்டுவிட்டு, கணுக்காலில் ஆறாத புண்ணோடு வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை.

நம் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் இருக்கிறது. இதயம் ஒரு துடிப்புக்கு ஏறக்குறைய 70 மில்லி தள்ளுவதால், சும்மா உட்கார்ந்திருந்தாலும் நிமிடத்துக்கு ஒரு முழுச் சுற்று வந்துவிடுகிறது. இடப்பக்க இதயத்திலிருந்து தமனி வழியாகக் கிளம்பி, முடியைவிட மெல்லிய தந்துகிகளில் பிராணவாயுவை இறக்கிவிட்டு, சிரை வழியாக வலப்பக்கம் திரும்பும். அங்கிருந்து நுரையீரலுக்குப் போய்ப் பிராணவாயு ஏற்றிக்கொண்டு மறுபடி இடப்பக்கம். கல்லணையில் காவிரி, வெண்ணாறு என்று பிரிந்து வாய்க்கால் வாய்க்காலாக வயலில் பாய்வதைப் பார்த்து வளர்ந்த நமக்குத் தமனியைத் தனியாக விளக்க வேண்டாம். சிரைதான் வடிகால். ஆனால் நம் வடிகால் பள்ளம் பார்த்துக் கடலுக்கு ஓடும். கால் ரத்தமோ மேடேறி நெஞ்சுக்கு வரவேண்டும்.

இதயம் தள்ளிய வேகம் தந்துகியைத் தாண்டும்போதே பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதற்குமேல் ஏற்றிவிடுவது உங்கள் கெண்டைச் சதை. ஒவ்வொரு எட்டுக்கும் அது இறுகி, உள்ளே இருக்கும் சிரையைப் பிழிகிறது. பிழிந்த ரத்தம் கீழே விழாமல் வழிநெடுக வால்வுகள் தடுக்கின்றன. கடல்நீர் ஏறாமல் கடைமடையில் ஷட்டர் இறக்குகிறார்களே, அதே வேலைதான்.

வால்வைக் கண்ணாலேயே பார்க்கலாம். கையைத் தொங்கவிட்டால் முன்கையில் சிரை புடைக்கும். மணிக்கட்டுப் பக்கம் அதை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, இன்னொரு விரலால் முழங்கைப் பக்கமாக நீவிவிட்டு அந்த விரலை எடுங்கள். நீவிய இடம் காலியாகவே கிடக்கும்; மேலிருக்கும் ரத்தம் வால்வைத் தாண்டி இறங்காது. மணிக்கட்டு விரலை எடுத்ததும் கீழிருந்து சட்டென நிரம்பும். ரத்தம் சுற்றி வருகிறது என்று 1628-ல் நிறுவிய வில்லியம் ஹார்வி காட்டிய சோதனை இது.

அசையாமல் நின்றால் கணுக்கால் சிரையில் அழுத்தம், பி.பி. அளக்கிற அதே கணக்கில் (மி.மீ. பாதரசம்), 80, 90 வரை ஏறும். நடந்தால் 30 அளவுக்கு இறங்கிவிடும். வருடக்கணக்கில் நின்றால் வால்வு தளர்ந்து, ரத்தம் தேங்கி, தோலுக்கடியில் இருக்கும் சிரை சுருளும். பரம்பரை, பிரசவங்கள், உடல் எடை இவையும் சேரும்.

சேலை விரித்துக் காட்டும்போதே குதிகாலை 20 தடவை ஏற்றி இறக்குங்கள். அரைமணிக்கு ஒருதரம் செய்தால் பழகிவிடும், யார் கண்ணுக்கும் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் படுத்துக்கொண்டு, கால் நெஞ்சைவிட உயரமாக இருக்கும்படி தலையணை வைத்துக் கால்மணி நேரம். இறுக்கமான மருத்துவக் காலுறையைக் காலையில் வீக்கம் வருவதற்கு முன்பே போட வேண்டும். சர்க்கரை இருந்தால் டாக்டர் பாதத்தில் நாடி பார்த்த பிறகுதான் போட வேண்டும். தைலத்தை மேலாகத் தடவலாம், அழுத்திப் பிசையக் கூடாது. அது வால்வைச் சரிசெய்யாது.

இன்னொன்று, உட்காருவது உங்கள் உரிமை. கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். தயங்காமல் கேளுங்கள்.

ஒரே கால் திடீரென்று வீங்கி வலித்துச் சூடாக இருந்தால் தேய்க்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உள்சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். அதோடு மூச்சு வாங்கினால் 108-ஐக் கூப்பிடுங்கள். புடைத்த சிரை அடிபட்டு ரத்தம் பீறிட்டால் படுத்துக் காலைத் தூக்கிச் சுத்தமான துணியால் பத்து நிமிடம் அழுத்துங்கள். கயிறு கட்ட வேண்டாம்.

கணுக்கால் தோல் கறுத்து அரித்தால் தள்ளிப்போடாதீர்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அறுவைச் சிகிச்சைப் பிரிவில் காட்டுங்கள். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் வால்வைப் பார்க்கும்போது உங்களை நிற்கச் சொல்வார்கள். படுத்தால் கசிவு சரியாகத் தெரியாது. புற நோயாளிப் பிரிவு காலை நேரத்தில் என்பதால், முந்தின நாள் வேலை முடிந்து சிரை நன்றாகப் புடைத்திருக்கும்போதே போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு போங்கள்.