கையெழுத்துப் போடுமுன் கிளினிக் கொப்பியை எடுத்து வையுங்கள்

கேள்வி: பொகவந்தலாவைப் பக்கம் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறேன். கணவருக்கு 46 வயது, நான்கு வருடமாக சீனி வருத்தத்துக்கு மருந்து குடிக்கிறார். போன வாரம் காப்புறுதி ஏஜென்ட் ஒருவர் லயத்துக்கு வந்தார். மாதம் 3,500 ரூபாய் கட்டினால் ஆஸ்பத்திரிச் செலவெல்லாம் கிடைக்குமாம். சீனி இருப்பதைப் படிவத்தில் எழுத வேண்டாம், எழுதினால் இழுத்தடிப்பார்கள் என்கிறார். சேரலாமா?

பதில்: சேர்வதா வேண்டாமா என்பதை அப்புறம் பார்ப்போம். சீனி இருப்பதை மறைத்து மட்டும் சேராதீர்கள், சகோதரி.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் சித்தப்பாவும் இதே மாதிரி ஒரு ஏஜென்ட் சொன்னதைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டவர்தான். படிவத்தை நிரப்பியது ஏஜென்ட். "உங்களுக்கு நீரிழிவு உண்டா" என்ற இடத்தில் "இல்லை" என்று குறியிட்டதும் அவரே. மூன்று வருடம் ஒரு மாதமும் தவறாமல் கட்டினார். பிறகு காலில் புண் வந்து பதினெட்டு நாள் வார்டில் இருந்தார். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த நோய் விபர அட்டையில் டொக்டர் ஒரே வரியில் எழுதிவிட்டார்: "ஏழு வருடமாக நீரிழிவு." கம்பனி கிளினிக் கொப்பியையும் கேட்டது. கொப்பியின் முதல் பக்கத்தில் இருந்த திகதி, காப்புறுதி எடுத்த திகதிக்கு நான்கு வருடம் முந்தியது. ஒரு சதமும் கிடைக்கவில்லை. ஏஜென்ட் அதற்குள் வேலையை விட்டே போயிருந்தார். படிவத்தின் அடியில் இருந்தது சித்தப்பாவின் கையெழுத்து. சட்டத்தின் முன் அது அவர் சொன்ன பதில்தான்.

அதனால் கிளினிக் கொப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிவத்தை நிரப்புங்கள். தமிழ்ப் படிவம் கேளுங்கள். எட்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தாலும் போதும், ஒவ்வொரு கேள்வியையும் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். உண்மையை எழுதினால் கம்பனி கட்டுப்பணத்தைக் கூட்டலாம், சீனியால் வரும் செலவை விலக்கலாம், வேண்டாம் என்றே சொல்லலாம். எதுவானாலும் அது இன்றைக்கே தெரிந்துவிடும். வார்டில் படுத்திருக்கும்போது தெரியவருவதை விட இது மேல்.

இனி அந்த 3,500 ரூபாய். வருடத்துக்கு 42,000. மாதாமாதம் கட்டும் இப்படிப்பட்ட பத்திரங்களில் பெரும்பாலானவை ஆயுள் காப்புறுதிதான். மருத்துவ அனுகூலம் அதோடு ஒட்டி வரும் ஒரு சின்னப் பகுதி. "என் காசில் ஆஸ்பத்திரிக்கு என்று போவது எவ்வளவு? வார்டில் ஒரு நாள் இருந்தால் எவ்வளவு தருவீர்கள்? அரசாங்க ஆஸ்பத்திரி என்றாலும் தருவீர்களா? எத்தனையாவது நாளிலிருந்து?" என்று கேளுங்கள். நாளுக்கு 2,000 என்று வைத்துக்கொண்டால், பத்து நாள் வார்டில் கிடந்தாலும் கைக்கு வருவது 20,000. "செலவெல்லாம் கிடைக்கும்" என்ற பேச்சு அங்கேயே சுருங்கிவிடும். கிளினிக் போய் வரும் செலவு, வெளியில் வாங்கும் மருந்து, இரத்தப் பரிசோதனை எல்லாம் இப்படியான பத்திரங்களில் அநேகமாக வராது. உங்கள் வீட்டில் மாதாமாதம் காசு போவதோ அதற்குத்தான்.

காத்திருப்புக் காலம் என்றும் ஒன்று உண்டு. பத்திரம் எடுத்த மறுநாளே எல்லா நோய்க்கும் காசு வராது. சில நோய்களுக்கு ஒரு வருடம், இரண்டு வருடம்கூட ஆகலாம். கொழுந்து குறையும் மாதங்களில் கட்டாமல் விட்டால் பத்திரம் காலாவதியாகிவிடும். முதல் சில வருடங்களில் நிறுத்தினால் கட்டியதும் பெரும்பாலும் திரும்பாது. எல்லா மாதமும் 3,500 எடுத்து வைக்க முடியும் என்று உறுதியாகத் தெரியாவிட்டால், கட்டக்கூடிய ஒரு சின்னத் தொகையைக் கேளுங்கள். இல்லையென்றால் அதே காசை பேங்கில் உங்கள் பேரில் போட்டு வையுங்கள். என்னைக் கேட்டால், உங்கள் நிலைமைக்கு இரண்டாவதைத்தான் சொல்வேன்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? ஆயுள் காப்புறுதிப் பத்திரம் கைக்குக் கிடைத்து 21 நாளுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து விலகலாம். பத்திரம் கிடைத்த திகதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள். கட்டும் காசுக்குக் கம்பனியின் ரசீது வேண்டும், ஏஜென்டின் கொப்பியில் எழுதுவது ரசீது ஆகாது. பிறகு தகராறு வந்தால் முதலில் கம்பனிக்கு எழுத்தில் முறையிடுங்கள். அவர்கள் தீர்க்காவிட்டால் இப்படியான முறைப்பாடுகளை விசாரிக்கிற காப்புறுதி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார், அவரிடம் முறையிடக் காசு கட்ட வேண்டியதில்லை.

கேள்வி: எனக்கு 20 வருட செக்ரோல், அதாவது தோட்டப் பதிவில் பேர் உள்ள தொழிலாளி. ஈ.டி.எஃப். என்று ஒன்று பிடிக்கிறார்களே, அதில் மருத்துவத்துக்கு ஏதாவது கிடைக்குமா? – மஸ்கெலியா வாசகர்

பதில்: கிடைக்கும் ஐயா. இதைத் தெரியாமலே ஓய்வு பெற்றுப் போகிறவர்கள் நம் தோட்டங்களில் நிறையப் பேர்.

ஒரு சின்னத் திருத்தம். ஊழியர் சேமலாப நிதியமான ஈ.பி.எஃப்.புக்குத்தான் உங்கள் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். ஊழியர் நம்பிக்கை நிதியமான ஈ.டி.எஃப்.புக்கு உங்கள் சம்பளத்தில் மூன்று வீதத்தைத் தோட்ட நிர்வாகம் தன் கையிலிருந்து கட்ட வேண்டும். 1981 முதல் நடக்கிற நிதியம் இது. வேலையில் இருக்கிற அங்கத்தவருக்கு இருதய சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்றுச் சிகிச்சை, கண்ணுக்கு வில்லை வைத்தல், ஆஸ்பத்திரியில் தங்குதல் போன்றவற்றுக்கு நிபந்தனைகளோடு உதவி உண்டு. கண்ணில் புரை வளர்ந்து மங்கிப்போய், கொழுந்தில் இலை தெரியாமல் தடவித் தடவி எடுக்கிற அக்காமாரைப் பார்த்திருக்கிறேன். வில்லைக்கான காசைத் தங்கள் நிதியத்திடம் கேட்கலாம் என்று அவர்களிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

உங்கள் அங்கத்துவ இலக்கத்தைத் தோட்ட ஒப்பீசில் கேட்டு வாங்கி, அடையாள அட்டையில் உள்ள பேரோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். செக்ரோலில் ஒரு பேர், அடையாள அட்டையில் இன்னொரு பேர் என்பது நம் பக்கத்தில் பழைய வியாதி. அதை உடம்பு நன்றாக இருக்கும்போதே திருத்திக்கொள்ளுங்கள். செக்ரோலில் பேர் இல்லாமல் கைக்காசுக்கு மட்டும் வேலை செய்கிறவர்கள் பேரில் பெரும்பாலும் இந்த நிதியத்துக்குக் காசு கட்டப்படுவதில்லை. செக்ரோலை விடுவதற்கு முன் இதையும் கணக்கில் எடுங்கள்.

கேள்வி: சுகாதாரத் துறையை மறுசீரமைக்கிறார்களாம். இனி அரசாங்க ஆஸ்பத்திரியிலும் காசு கட்ட வேண்டி வருமா? அதற்காகத்தான் எல்லோரும் காப்புறுதி எடுக்கச் சொல்கிறார்களா? – தலவாக்கலை வாசகி

பதில்: பயம் காட்டி விற்கிற பேச்சு இது. அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கட்டணத்தை 1951இலேயே நீக்கிவிட்டார்கள். 2018இல் வந்த சுகாதார மறுசீரமைப்புக் கொள்கையும் கட்டணம் அறவிடுவதைப் பற்றியது அல்ல. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றோடு சுற்றியுள்ள சிறிய ஆஸ்பத்திரிகளை ஒரு தொகுதியாக இணைப்பது, ஒவ்வொரு பகுதி மக்களையும் பக்கத்து ஆஸ்பத்திரியிலேயே பதிந்து வைத்துத் தொடர்ந்து பார்ப்பது, சீனி, பிரஷர் போன்றவற்றை முற்ற விடாமல் பிடிப்பது என்பவைதான் அதன் சாரம்.

நமக்கு இது மற்றவர்களைவிட முக்கியம். 1872இல் கோப்பிக் காலத்திலேயே தொழிலாளரின் மருத்துவத்துக்கென்று தனிச் சட்டம் போட்டு, பொறுப்பைத் தோட்டத்தோடு கட்டிவிட்டார்கள். நாடு முழுக்க இலவச ஆஸ்பத்திரி வந்த பிறகும் நமக்கு முதல் மருத்துவம் தோட்ட டிஸ்பென்சரிதான் என்று ஆனது அப்படித்தான். தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் பொறுப்பேற்கும் வேலை பல வருடமாக இழுபடுகிறது. மறுசீரமைப்பு என்றால் நாம் கேட்க வேண்டியது அதைத்தான்: எங்கள் டிஸ்பென்சரி எந்த ஆஸ்பத்திரித் தொகுதியில் வருகிறது?

இலவசம் என்றாலும் செலவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 2022 நெருக்கடியில் மருந்துச் சீட்டோடு கடைக்கு அலைந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். இன்றைக்கும் மருந்தை வெளியில் வாங்கச் சொன்னால் அரசாங்க மருந்துக் கடையான ஒசுசலவில் விலை கேட்டுப் பாருங்கள். அவசரத்துக்கு வேன் பிடித்துக் காசைக் கொட்டாமல் 1990ஐ அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். பெரிய சத்திரசிகிச்சை என்றால் ஜனாதிபதி நிதியத்துக்குப் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். 2025க்கு முன் அதற்குக் கொழும்புக்குப் போக வேண்டியிருந்தது.

கேள்வி: மகள் அரசாங்கப் பாடசாலை ஆசிரியை, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அவளுடைய காப்புறுதியில் அப்பாவைச் சேர்க்கலாமா? – பதுளை வாசகி

பதில்: சேர்க்கலாம். அரச ஊழியரின் அக்ரஹார காப்புறுதியில் மணமாகாதவர் என்றால் பெற்றோருக்கும் இடம் உண்டு, வயது எல்லை மட்டும் இருக்கிறது. மகள் திருமணம் செய்ததும் அந்த இடம் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் போய்விடும். அதனால் அப்பாவுக்குக் கண்ணோ முழங்காலோ பார்க்க வேண்டியிருந்தால் தள்ளிப்போடாதீர்கள். பில்லின் அசலைக் கொடுத்துவிடுவீர்கள், கொடுப்பதற்கு முன் எல்லாவற்றையும் போட்டோக் கொப்பி எடுத்து வையுங்கள்.